பகுதியைக் குறைத்தல்

ஜூலை 11, வெள்ளி

பெற்றோர் கூட்டம். பத்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். வந்த பெற்றோர் பத்தொன்பது பேர். மீதிப் பேர் பெங்களூரில் யாருடைய வீட்டையோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிய செயலியை நான்தான் விளக்கினேன். காலையில் கைபேசியில் வருகை பதிகிறோம். வராத பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்பு. உடனே வீட்டுக்குக் குறுஞ்செய்தி தானாகப் போய்விடும். பழைய எண்களையெல்லாம் உட்கார்ந்து திருத்தினேன். பாதி எண்கள் உயிரோடு இல்லை.

கோபிகாவின் அப்பா தீர்த்தகிரி வந்திருந்தார். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பது. ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் ஊருக்கு வருவாராம். தன் எண்ணை இரண்டு முறை சொல்லி, நான் பதிந்ததை எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார்.

"அப்ப அங்க இருந்தே புள்ளையப் பாத்துக்கலாம்னு சொல்றீங்க."

ஆமாம் என்றேன்.

"நல்ல காரியம் பண்ணீங்க டீச்சர்."

பெருமையாக இருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கோபிகாவுக்கு வகுத்தல் தெரியாது. எழுபத்திரண்டை ஆறால் வகுக்கச் சொன்னேன். நோட்டின் ஓரத்தில் எழுபத்திரண்டு கோடுகள் போட்டு, ஆறு ஆறாக வட்டமிட்டு, வட்டங்களை எண்ணினாள். பன்னிரண்டு. சரி. அதற்குள் மணி அடித்துவிட்டது.

ஒன்பது வகுப்புகள். ஒன்பது ஆசிரியர்கள் இந்தக் கோடுகளைப் பார்த்திருப்பார்கள். ஒன்பது முறை "தேர்ச்சி" என்று கையெழுத்து. பல்கலைக்கழகத்தில் நான் படித்த எந்தக் கணிதத்திலும் இப்படி ஒரு தேற்றம் இல்லை: ஒன்றும் கற்பிக்காமல் ஒருத்தியை ஒன்பது படி ஏற்றலாம்.

பத்தாவது ஆள் நான்.

குக்கர் கேஸ்கட் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஒன்று கண்டுபிடித்தேன். அவளுக்கு வரையத் தெரிகிறது. காம்பஸின் திருகு உடைந்துவிட்டது. ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருக்கிறாள். வட்டம் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. என் வட்டமே சில நாள் அப்படி முடிவதில்லை.

பொதுத்தேர்வில் வடிவியல் எட்டு, வரைபடம் எட்டு. ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு. எல்லாம் சேர்த்தால் முப்பது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. இன்னும் ஐந்து எங்கிருந்தாவது பொறுக்க வேண்டும்.

தினமும் மாலை நாலரைக்கு ஒரு படம். அடியில் சிவப்பு மையில் என் கையெழுத்தும் தேதியும். இது எங்கள் ஒப்பந்தம்.

அக்டோபர் 9, வியாழன்

தலைமையாசிரியர் சென்றாயன் மாவட்ட ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்விட்டு மதியம் வந்தார். நேராக ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

கல்யாண மண்டபத்தில் கூட்டமாம். போன வருடத் தேர்ச்சி எண்பதுக்குக் கீழே இருந்த தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்களாம். எங்கள் பள்ளி எழுபத்தொன்று. இரண்டரை மணி நேரம். சர்க்கரை நோயாளி. வரும் மே மாதம் ஓய்வு. முப்பத்து நான்கு வருடப் பணி. முன்னால் மேடையில் இருந்தவர் ஒலிபெருக்கியில் கேட்டாராம்: "சம்பளம் மட்டும் நூறு சதவீதம் வாங்கறீங்கல்ல சார்?"

சிரித்தவர்களில் நூறு சதவீதக்காரர்கள் அதிகம் என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதைவிடக் கோபம். அந்த மேடையில் இருந்தவர்களில் ஒருவருக்காவது தெரியுமா, ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இங்கே கணக்கு ஆசிரியர் பணியிடமே இரண்டு வருடமாகக் காலி என்று? தெரியும். அவர்கள்தான் அந்தக் கோப்பை வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

சென்றாயன் சார் கூப்பிட்டார். ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நாற்பத்தொன்றில் மூன்று பேர் ஆகஸ்டிலிருந்தே வரவில்லை. "நீண்ட நாள் வராதவர்" என்று அவர்கள் பெயர் தேர்வுப் பட்டியலில் வராது. மிச்சம் முப்பத்தெட்டு. முட்டிமோதினால் முப்பத்தேழு பேர் தேறிவிடுவார்கள். ஒருத்தி மட்டும் இடிக்கிறாள்.

முப்பது வேலை நாள் தொடர்ந்து வருகை இல்லாவிட்டால் பெயர் தானாக விழுந்துவிடும். பட்டியல் டிசம்பர் 19 அன்று மூடுகிறது. இன்று சொன்னால்தான் நாள் சரியாக இருக்கும் என்றார்.

"அவ தினமும் வர்றா சார்."

"வரட்டும்மா. யார் வேண்டாங்கறா? உக்காரட்டும், படிக்கட்டும், மத்தியானம் சாப்பிடட்டும். செயலியில மட்டும் போடாத. ஜூன்ல தனித்தேர்வு எழுதிக்கட்டும்."

அவர் போட்ட கணக்கு சரி. ஒரு பின்னத்தின் மதிப்பை உயர்த்த இரண்டு வழி. மேலே இருக்கும் தொகுதியைக் கூட்டலாம். அதற்கு ஆசிரியர் வேண்டும், வருடங்கள் வேண்டும். அல்லது கீழே இருக்கும் பகுதியைக் குறைக்கலாம். அதற்கு ஒரு விரல் போதும்.

கோபிகாவுக்குப் பின்னம் வராது. மாவட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் வருகிறது.

என் தற்காலிகப் பணி ஆணை ஜனவரி 31 வரை. நீட்டிக்கத் தலைமையாசிரியரின் கடிதம் வேண்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் 3, திங்கள்

வருகை பதிந்தேன். முப்பத்தேழு.

கோபிகா முன் பெஞ்சில் இருந்தாள். மாலை, வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைந்தாள். கையெழுத்துப் போட்டேன். 3.11.

நவம்பர் 4, செவ்வாய்

முப்பத்தேழு. வடிவொத்த முக்கோணம். 4.11.

நவம்பர் 7, வெள்ளி

மழை. வகுப்பறையின் பின்பக்கம் ஒழுகுகிறது. பெஞ்சுகளை நகர்த்தினோம். இந்த ஒழுகலுக்கு மூன்று கடிதம் போயிருக்கிறது. அதற்கு யார் நிற்பது, எந்த மண்டபத்தில்?

வேறு பள்ளிகளிலும் இப்படித்தான் செய்கிறார்களாம். ஆங்கில ஆசிரியர் சொன்னார். அதைக் கேட்டதும் கொஞ்சம் லேசாக இருந்தது. ஏன் லேசாக இருந்தது என்று யோசிக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மாலையில் படம் வரைந்துகொண்டே கோபிகா சொன்னாள். அப்பாவுக்குத் தினமும் மெசேஜ் போகிறதாம், அவள் பள்ளிக்கு வரவில்லை என்று. போனில் திட்டுகிறாராம். அவள் போய்க்கொண்டுதான் இருக்கிறாள் என்று அம்மா சொன்னால் அம்மாவுக்கும் சேர்த்து விழுகிறதாம்.

நான் பதிந்த எண். நான் சரிபார்த்த எண். சிவப்பு, பட்டியலுக்கு மட்டும்தான் போகும் என்பதுபோல் நடந்துகொண்டிருக்கிறேன். சென்றாயன் சாருக்கும் தோன்றவில்லை. காகிதப் பதிவேட்டில், வராதவர் பெயருக்கு நேரே "அ" என்று எழுதிப் பழகியவர். அந்த "அ" யாருக்கும் போன் செய்யாது.

"நெட்வொர்க் கோளாறு. நான் பாக்கறேன்" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு ஸ்கேலைத் திருப்பி வைத்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

சாரிடம் சொன்னேன். அவர் மேசை நாட்காட்டியைப் புரட்டினார். அப்புறம், பாதி தாண்டிவிட்டோம், நடுவில் ஒரு நாள் பச்சை விழுந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும், அதற்கு நாள் இல்லை என்றார்.

பாதிகூடத் தாண்டவில்லை. பத்து நாள்தான். திருத்தவில்லை.

சொல்லிவிட்டேன். என் பங்கு முடிந்தது.

கேஸ்கட் வாங்கவில்லை. மூன்று மாதமாகக் குக்கரின் மேல் கல் வைத்துச் சமைக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

அலகுத் தேர்வு. கோபிகா 38.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். வடிவியல் எட்டு, வரைபடம் ஏழு, ஒரு மதிப்பெண் பன்னிரண்டு, இரண்டு மதிப்பெண் வினாக்களில் பதினொன்று. வகுத்தலை இன்னும் ஓரத்தில் கோடு போட்டுத்தான் செய்கிறாள். ஆனால் வேகமாகப் போடுகிறாள்.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். உண்மையாகவே ஓடினேன்.

அவர் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடு. பொதுத்தேர்வுல இவ பாஸாவா, ஆகலைன்னா நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடு. திங்கக்கிழமையில இருந்து பச்சை போடு. என்ன ஆனாலும் ஆகட்டும், மேல நான் பேசிக்கறேன்."

பேனா என் கையில் இருந்தது.

முப்பத்தெட்டு. மூன்று மதிப்பெண்தான் இடைவெளி. ஒரு கேள்வியைப் புரட்டிக் கேட்டால் போதும், விழுந்துவிடுவாள்.

யோசித்துச் சொல்கிறேன் சார் என்றேன். அவர் தாளைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

மாலை: வரைபடத் தாளில் புள்ளிகள். நேர்கோடு. 21.11.

நவம்பர் 24, திங்கள்

முப்பத்தேழு.

டிசம்பர் 3, புதன்

முப்பத்தேழு. இருபத்துமூன்றாவது நாள். கோபிகாவின் நோட்டை வாங்கிவந்தேன். எல்லாப் படங்களையும் ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 4, வியாழன்

தீர்த்தகிரி வந்தார். கோபிகாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. துணி அப்படியே கிடக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

நேற்று எழுதியது போதாது.

காலை பத்து மணி. தலைமையாசிரியர் அறை. தீர்த்தகிரி பெங்களூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். அதன்பிறகு இங்கே வந்திருக்கிறார். கோபிகா அவர் பக்கத்தில் நின்றாள். சீருடையில். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

அவர் கைபேசியை மேசைமேல் வைத்தார். திரையில் ஒரே வாக்கியம், வரிசையாக. தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை. தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை.

"இருவத்தி மூணு நாளுங்க டீச்சர். காலையில யூனிபார்ம் போட்டுக்கிட்டுப் போறா, சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றா. எங்க போறா? யார்கூடப் போறா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

கோபிகா சொன்னாள், வகுப்பில்தான் இருந்தேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று. கூடப் படிக்கிறவர்கள் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள் என்றார் அவர்.

"அப்ப மிஸ்ஸக் கேளுங்கப்பா. முன் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். மிஸ்ஸக் கேளுங்க."

"கேக்கத்தான் வந்திருக்கேன். டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க."

சென்றாயன் சார் தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "பதிவுல என்ன இருக்கோ அதுதாங்க."

நான்கு சொற்கள். அதிகாரத்தையும் மொழியையும் பற்றி விடுதி அறையில் எத்தனை நாள் வாதாடியிருக்கிறேன். எத்தனை புத்தகங்களில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். எல்லாம் இந்த நான்கு சொற்களுக்குத்தான்.

கோபிகா அழவில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பெண் எங்கே என்று தேடுவாளே, அப்படி என் முகத்தில் எதையோ தேடினாள். அப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

டி.சி. கொடுங்கள் என்றார் தீர்த்தகிரி. திங்கட்கிழமை வாருங்கள் என்றார் சார்.

இன்று அவள் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. அவளுக்கு நான் பதிந்த சிவப்புகளில் இது ஒன்றுதான் சரியானது.

மாலையில் அவள் அம்மா மாதம்மாள் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "எந்தம்பிக்குக் கட்டிக் குடுத்துடறேன்னு நிக்கறாரு டீச்சர். தை பொறந்ததும் முடிக்கணுமாம். பதினஞ்சு வயசுப் புள்ளைங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நீங்க சொன்னாக் கேப்பாரு."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

டிசம்பர் 6, சனி

கோபமாக எழுத நிறைய இருக்கிறது. மண்டபம், மேடை, ஒலிபெருக்கி, காலிப் பணியிடம், சதவீதம். நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. படித்துப் பார்த்தேன். எல்லா வாக்கியத்திலும் வேறு யாரோதான் இருந்தார்கள்.

கிழித்துவிட்டேன்.

நோட்டு என் பையில் இருக்கிறது. புதன்கிழமை நான்தான் வாங்கி வந்தேன். அவளிடம் இருந்த ஒரே சாட்சி, என் அறையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில்.

டிசம்பர் 7, ஞாயிறு

போனேன்.

தெருவின் கடைசி வீடு. பூசாத செங்கல் சுவர்கள். ஊரார் வீட்டையெல்லாம் கட்டுகிறவரின் வீடு பாதியில் நிற்கிறது. தீர்த்தகிரி செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை இறக்கினார். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

நோட்டை நீட்டினேன். தினமும் மாலை அவள் என் முன்னால் போட்ட படங்கள், தேதியைப் பாருங்கள் என்றேன்.

அவர் கைபேசியை எடுத்தார். முதல் செய்தி, நவம்பர் 3. நோட்டில் பக்கம் தேடினார். 3.11. அடுத்தது. 4.11. விரலை எச்சிலில் நனைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவசரப்படவில்லை. அளவு சரிபார்க்கிற வேலைக்காரர். மாதம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிசம்பர் 3 வரை இருபத்துமூன்று செய்திகள், இருபத்துமூன்று படங்கள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"இந்தச் செவப்பு மை யாரோடது?"

"என்னுது."

"வரலைன்னு போட்டது?"

"அதுவும் நான்தான்."

காரணம் சொல்லத் தொடங்கினேன். சதவீதம், பட்டியல். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதுக்குடி பொய் சொல்றன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். அவளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல." கொஞ்ச நேரம் கைபேசியைப் பார்த்தார். "நீ படிச்சவ. உன்ன நான் என்னன்னு கேக்கறது?"

கோபிகா உள்ளே இருந்து வந்தாள். வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. அப்பாவின் மடியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டாள்.

"நெட்வொர்க்னு சொன்னீங்க. அப்பாகிட்டயும் அதையேதான் சொன்னேன். அதுக்கும் ஒண்ணு விழுந்துச்சு."

குரலில் எதுவும் இல்லை. ஒரு கணக்கின் படிகளைச் சொல்வதுபோல் சொன்னாள்.

பட்டியல் மூட இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, உன் பெயர் விழாமல் பார்க்கிறேன், வா என்றேன்.

"நான் வந்தா என்ன, வராட்டி என்ன? வந்தேனா இல்லையான்னு நீங்கதானே போடுவீங்க."

உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 8, திங்கள்

மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். தற்காப்பு எதுவும் இல்லை. இருபத்துமூன்று வரிகள். நவம்பர் 3, வந்திருந்தாள், தொடுகோடு வரைந்தாள், வரவில்லை என்று நான் பதிந்தேன். நவம்பர் 4, வந்திருந்தாள், வடிவொத்த முக்கோணம், வரவில்லை என்று நான் பதிந்தேன். கடைசிவரை இப்படியே. யார் சொல்லிப் பதிந்தேன் என்பதற்கும் ஒரு வரி.

சென்றாயன் சாரிடம் ஒரு நகல் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மே மாசம் வீட்டுக்குப் போறவன்மா நான்."

"தெரியும் சார்."

"உன்னையும் சேத்துதான் கொன்னுக்கற."

தெரியும் என்று மறுபடியும் சொன்னேன். அன்று அந்த வெள்ளைத்தாளில் ஒரு வரி எழுதியிருந்தால் இந்த இருபத்துமூன்று வரி தேவைப்பட்டிருக்காது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 17, புதன்

மாவட்ட அலுவலகம். மூன்றாம் முறை.

பெயரைத் திரும்பச் சேர்க்கும் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம். எழுத்துப்பிழை, பிறந்த தேதி, புகைப்படம், மற்றவை. மற்றவை என்பதில் குறியிட்டார்கள்.

கண்காணிப்பாளர் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கேட்டார், வருகையில் கைவைக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று. சதவீதம் கேட்டு நிற்க வைத்தவர்கள் என்றேன். நாங்கள் தேர்ச்சியைத்தான் கேட்டோம், இதைக் கேட்கவில்லையே என்றார். உண்மையிலேயே கேட்கவில்லை. இவர்கள் ஒருபோதும் கேட்பதில்லை. பின்னத்தை மட்டும் கேட்பார்கள். எதைக் கூட்டினாய், யாரைக் கழித்தாய் என்று பார்க்க மாட்டார்கள்.

சென்றாயன் சாருக்குக் குறிப்பாணை. எனக்கு அதுகூட இல்லை, தற்காலிகம். ஜனவரி 31-க்குப் பிறகு நீட்டிப்பில்லை. மேடையில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

பட்டியலில் முப்பத்தெட்டு.

தீர்த்தகிரிக்குப் போன் செய்தேன். கேட்டுக்கொண்டார். கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டேன் என்றார். பெண் வருவாளா என்று கேட்டேன். "அவளத்தான் கேக்கணும்" என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து முதல் நாள். ஒன்பது நாற்பது. கைபேசியைத் திறந்தேன்.

கோபிகா வாசலில் நின்றாள். உள்ளே வந்து பெஞ்சுக்குப் போகாமல் நேராக என் மேசைக்கு வந்தாள். கையை நீட்டினாள். புரிய ஒரு நொடி ஆனது. கொடுத்தேன்.

பட்டியலில் இறங்கி, தன் பெயரைக் கண்டுபிடித்து, விரலால் தொட்டாள். பச்சை. பதிவாகிவிட்டதா என்று செயலியை மூடி மறுபடியும் திறந்து பார்த்தாள். கைபேசியை என்னிடம் தரவில்லை. மேசைமேல் வைத்தாள்.

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாளையும் அப்படித்தான் செய்வாள் என்று தெரிந்தது.

ஜனவரி 23, வெள்ளி

முதல் திருப்புதல் தேர்வு. கோபிகா 31.

ஒரு மாதம் வகுப்பில் இல்லை. வரைபடம் அப்படியே இருக்கிறது, ஏழு. இரண்டு மதிப்பெண் வினாக்கள்தான் போய்விட்டன. டிசம்பரில் நடத்திய பாடம்.

நான்கு மதிப்பெண். அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஜனவரி 30, வெள்ளி

கடைசி நாள். மேசையைக் காலி செய்தேன். சென்றாயன் சார் வெளியே வரவில்லை. புதிய கணக்கு ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டேன். பணியிடம் காலி என்று அறிக்கை அனுப்பியாயிற்று என்றார் எழுத்தர்.

நாலரைக்குக் கோபிகா வந்தாள். இந்த மாதம் முழுக்க மாலையில் அவள் வரவில்லை. நோட்டைத் திறந்து வைத்தாள். வெளிப்புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள். நவம்பர் 3-இல் போட்ட அதே படம். காம்பஸில் புது ரப்பர் பேண்ட்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"கையெழுத்து வேண்டாம்" என்றாள். "தப்பு இருந்தா சொல்லுங்க, போதும்."

அடியில் தேதி போட்டிருந்தாள், தன் கையெழுத்தில். 30.1.

பார்த்தேன். மையத்திலிருந்து, ஆரத்திலிருந்து, ஒவ்வொரு கோடாக. நேரம் எடுத்துக்கொண்டேன்.

தப்பு இல்லை என்றேன்.

நம்பவில்லை. ஸ்கேலை எடுத்து அவளே இரண்டு தொடுகோடுகளையும் அளந்து பார்த்தாள். சமமாக இருந்தன. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.